பெரிய கேம் இறங்கும்போது நெட் அறுந்தால்: வேகத்தைக் குறைப்பதா, கேபிள் இழுப்பதா, ரவுட்டரை மாற்றுவதா?

100 ஜிபி கேம் ஒன்றை இறக்க விட்டதும் வீடு முழுக்க நெட் படுத்துவிடுகிறது. வீடியோ கால் உறைந்து நிற்கிறது, போன்களில் ‘இணையம் இல்லை’ என்று வருகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும். டவுன்லோடு மறுபடி வேகம் பிடித்ததும் திரும்பவும் அதே தொல்லை. இதற்குப் பலர் உடனே தேடிப் போவது புது ரவுட்டர். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். அதற்கு முன்னால் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, ஒரு கேபிளோடு முடிந்துவிடும் வழி ஒன்று இருக்கிறது, இப்போதிருக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள்ளேயே ஒன்று இருக்கலாம். எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே எடைபோடப் பார்க்கிறேன்.

‘நெட் அறுகிறது’ என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே கோளாறு அல்ல. நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குத்துமதிப்புதான். அதனால் ஒப்பீட்டுக்கு முன்னால் ஒரு சோதனை. அரை மணி நேரம் போதும்.

உண்மையில் அறுகிறதா?

முதலில் கேம் லாஞ்சரின், அதாவது கேமை வாங்கி இறக்கும் செயலியின், டவுன்லோடு பக்கத்தைப் பாருங்கள். ஸ்டீம் போன்றவை கேமைச் சுருக்கிய துண்டுகளாக இறக்குகின்றன. பிராசஸர் அவற்றை விரித்துத்தான் டிஸ்க்கில் எழுத வேண்டும். டிஸ்க் மெதுவானது என்றால், எழுதி முடியும்வரை லாஞ்சர் புதுத் துண்டுகளைக் கேட்காது. வரைபடத்தில் நெட்வொர்க் கோடு பூஜ்யத்துக்கு விழும், டிஸ்க் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் மற்றவர்களின் போன் நன்றாக வேலை செய்தால் உங்கள் நெட்டில் எந்தக் குறையும் இல்லை. கேமை வேகமான எஸ்எஸ்டி வகை டிஸ்க்குக்கு மாற்றினால் முடிந்தது, ரவுட்டர் பக்கமே போக வேண்டாம்.

மற்றவர்களுக்கும் பாதிப்பு இருக்கிறது என்றால் கணினியில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து இரண்டிலும் பிங் கட்டளையை, அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதை, தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இன்னொன்று வெளியே இருக்கும் 8.8.8.8 அல்லது 1.1.1.1க்கு. டவுன்லோடு இல்லாதபோது என்ன எண்கள் வருகின்றன என்று குறித்துக்கொண்டு, அப்புறம் கேமை முழு வேகத்தில் இறக்க விடுங்கள்.

இனி நடப்பதை வைத்துக் கோளாறைப் பிரிக்கலாம். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, வெளியே போகும் பிங் மட்டும் 20 மில்லிசெகண்டிலிருந்து 500, 1000 என்று ஏறுகிறது என்றால் இணைப்பு அறுந்துபோகவில்லை. பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) நீண்ட வரிசையில் காத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு இணையதளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கேள்விகூட அந்த வரிசையில் சிக்கி நேரம் கடந்துபோவதால், போனும் கணினியும் ‘இணையம் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகின்றன. அதைப் பார்த்து நாமும் லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை இந்த வகைதான் அதிகம்.

ரவுட்டருக்குப் போகும் பிங்கே காணாமல் போனால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. வைஃபையாக இருக்கலாம், ரவுட்டரே திணறி நிற்கலாம். கேபிள் போட்ட ஒரு கணினியிலிருந்து அதே சோதனையைச் செய்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ரவுட்டர் நன்றாகப் பதில் சொல்ல, வெளியே மட்டும் முற்றிலும் நின்றுபோனால் லைன் விழுந்திருக்கிறது, அல்லது சேவை நிறுவனத்தோடு ரவுட்டர் வைத்திருக்கும் லாகின் செஷன் விழுந்திருக்கிறது. கடைசியாக, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். தொல்லை வந்த பிறகு அது ஒன்றிரண்டு நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. அப்படியானால் கீழே வரும் பாதி விஷயங்கள் உங்களுக்குத் தேவைப்படாது. நேரே மின்சாரத்தையும் சூட்டையும் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

பிங் ஓட்டத் தயக்கமாக இருந்தால் ஃபாஸ்ட்.காம் தளத்தில் சோதித்து, கூடுதல் விவரங்களைத் திறந்து பாருங்கள். லைன் சும்மா இருக்கும்போது உள்ள தாமதத்தையும், நிரம்பியிருக்கும்போது உள்ள தாமதத்தையும் தனித்தனியே காட்டும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அது முதல் வகை.

காசில்லாத வழி: வேகத்தை நாமே கட்டுப்படுத்துவது

ஸ்டீம், எபிக், பேட்டில்.நெட் மூன்றிலும் டவுன்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்க வசதி இருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கடை வழியாக வரும் கேம்களுக்கு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்கும் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ பகுதியில் வரம்பு வைக்கலாம். ‘காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நானே ஏன் குறைக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 100 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி கேம் முழு வேகத்தில் இறங்க 8,000 நொடி ஆகும், அதாவது ஏறக்குறைய 2 மணி 13 நிமிடம். 80 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தால் 10,000 நொடி, 2 மணி 47 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் அரை மணியைச் சற்றே தாண்டுகிறது. அந்த நேரத்துக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் ஆன்லைனில் தேர்வு எழுதலாம், இன்னொருவர் வேலைக் கூட்டத்தில் தடங்கலில்லாமல் பேசலாம். முழு வேகத்தில் விட்டு நடுவில் இருமுறை ரவுட்டரை அணைத்துப் போட்டால் இதைவிட அதிக நேரம் போய்விடும்.

வரம்பு எண்ணைக் கொடுக்கும்போது அலகைக் கவனியுங்கள். இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன, லாஞ்சர்கள் பல நேரம் பைட்டில் கேட்கும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 80 எம்பிபிஎஸ் வேண்டுமானால் நொடிக்கு 10 எம்பி, அதாவது ஏறக்குறைய 10,000 கேபி என்று கொடுக்க வேண்டும். இதைப் பார்க்காமல் 80,000 கேபி என்று கொடுத்துவிட்டு வரம்பு வேலை செய்யவில்லை என்று கைவிடுவது எளிதில் நடக்கக்கூடியது.

இந்த வழியை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், இதுவே நல்ல சோதனையும்கூட. வரம்பை லைன் வேகத்தில் பாதியாக வையுங்கள். தொல்லை மறைந்தால் கோளாறு பாரத்தால் வருகிறது. அப்புறம் மெதுவாக 70, 80, 85 சதவீதம் என்று ஏற்றி எங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்று பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்கூட இணைப்பு விழுகிறது என்றால் வேகத்துக்கும் கோளாறுக்கும் தொடர்பில்லை. வரம்பு, முன்னுரிமை செட்டிங்ஸ் எதிலும் நேரத்தைச் செலவிடாமல் லைனையும் ரவுட்டரின் மின் அடாப்டரையும் பார்க்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் இது ஏமாற்றும். லைன் 300 எம்பிபிஎஸ், ஆனால் கேம் இறங்கும் அறையில் வைஃபை 120தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைனைப் பார்த்து 240 என்று வரம்பு வைத்தால் ஒரு பயனும் இருக்காது. வரிசை சேர்வது லைனில் அல்ல, வைஃபையில். அந்த அறையில் உண்மையில் கிடைக்கும் வேகத்தை அளந்து, அதற்குக் கீழே வரம்பு வைக்க வேண்டும்.

இதன் குறையும் வெளிப்படையானது. வரம்பு அந்த லாஞ்சருக்கு மட்டும், அந்தக் கணினிக்கு மட்டும். இரண்டு கணினிகளில் தலா 80 என்று வைத்துவிட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் இறக்கினால் மொத்தம் 160, லைன் மறுபடி நிரம்பிவிடும். கன்சோலும் போன்களும் கணினியில் வைத்த வரம்புக்குக் கட்டுப்படாது. ஒருவர் மட்டும் கேம் இறக்கும் வீட்டுக்கு இது போதும். அண்ணன் தம்பி இருவரும் போட்டி போட்டு இறக்கும் வீட்டுக்குப் போதாது.

இதோடு சேர்த்து இரண்டு வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமில் தானாக வரும் அப்டேட்டுகளை இந்த மணியிலிருந்து இந்த மணிக்குள் மட்டும் என்று நேரம் குறிக்கலாம். எல்லாரும் தூங்கும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், 2023 முதல் ஸ்டீமில் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து கேமை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிகிறது. அந்தக் கேம் ஏற்கெனவே வீட்டில் ஒரு கணினியில் இருந்தால், வெளி லைனை ஏறக்குறைய தொடாமலே வேலை முடிந்துவிடும்.

கேபிளா, வைஃபையைத் திருத்துவதா

ரவுட்டருக்குப் போகும் பிங்கே விழுகிறவர்களுக்கான பகுதி இது. வைஃபையில் காற்று எல்லாருக்கும் பொது. தூரத்து அறையில் பலவீனமான சிக்னலில் இருக்கும் ஒரு கணினி, ஒரே அளவு தரவை அனுப்பப் பெறப் பக்கத்தில் இருப்பதைவிட அதிக நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அது மணிக்கணக்கில் கேம் இறக்கினால் மற்றக் கருவிகளுக்கு வாய்ப்பே கிடைக்காது. அந்த ஒரு கணினியைக் கேபிளில் போடுவது அதற்கு மட்டும் செய்யும் உதவி அல்ல. வீட்டிலுள்ள மற்ற எல்லாருக்கும் காற்று காலியாகிறது. கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். எந்த வீட்டுக்கும் இது தாராளம், விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை. போட்ட பிறகு கணினியில் இணைப்பு வேகம் 1 கிகாபிட் என்று காட்டாமல் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், ஒரு முனையின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம், அல்லது கேபிளுக்குள் ஒரு ஜோடி அறுந்திருக்கலாம். 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும்.

ஆனால் கேபிள் போட்டதும் தொல்லை கூடிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அதுவரை பலவீனமான வைஃபைதான் டவுன்லோடை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கணினி லைனை விளிம்புவரை நிரப்புகிறது, வரிசை வைஃபையிலிருந்து லைனுக்கு இடம் மாறுகிறது. அதனால் கேபிளும் வரம்பும் சேர்ந்தே வர வேண்டும். கேபிள் மட்டும் போதும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் வைஃபையில் செய்யக்கூடிய சில திருத்தங்கள் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்கள் பல நாடுகளில் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சிக்னல் போல ஏதாவது தென்பட்டால் ரவுட்டர் 10 நொடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அரை மணி நேரத்துக்கு அங்கே திரும்பி வரவும் கூடாது. அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்க முடியும். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்து ஒரு நிமிடம் கழித்துத் தானாக வந்தால் இதைச் சந்தேகியுங்கள். சேனலைத் தானியங்கியில் விடாமல் 36 முதல் 48க்குள் ஒன்றில் நிறுத்துங்கள்.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றவே தோன்றாது. யூஎஸ்பி 3 டிஸ்க்கும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012ல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. மடிக்கணினியில் வெளி டிஸ்க்கைச் செருகி, அதிலேயே கேமை இறக்கி, நெட் 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்தால், டவுன்லோடு தொடங்கும் அதே நேரத்தில் சிக்னலும் சரிவது இயல்பு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், இல்லையென்றால் டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள்.

ரவுட்டருக்குள் இருக்கும் வழி: எஸ்கியூஎம்

எஸ்கியூஎம் என்பது பாக்கெட்டுகளின் வரிசையை ரவுட்டரே ஒழுங்குபடுத்தும் வசதி. என் மனதுக்கு மிகப் பிடித்த வழி இது. பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்.

லைன் நிரம்பும்போது பாக்கெட்டுகள் மோடமிலோ சேவை நிறுவனத்தின் கருவியிலோ பஃபரில், அதாவது தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடத்தில், தேங்குகின்றன. 20 எம்பிபிஎஸ் லைனில் 2.5 எம்பி பஃபர் நிரம்பிவிட்டால் அது வடிய சரியாக 1 நொடி ஆகும். புதிதாக வரும் எந்தப் பாக்கெட்டும், அது வீடியோ காலாக இருந்தாலும் டிஎன்எஸ்ஸாக இருந்தாலும், அந்த 1 நொடி காத்திருந்தே ஆக வேண்டும். பாக்கெட் தொலைந்தால்தான் வேகத்தைக் குறைப்பது, இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபியின் நெடுநாள் பழக்கம். பெரிய பஃபர் எதையும் தொலைக்காமல் சேர்த்துவைப்பதால் டிசிபிக்கு நெரிசல் தெரியாமலே போகிறது. 2010, 2011ல் ஜிம் கெட்டிஸ் இந்தச் சிக்கலைப் பரவலாக எடுத்துச் சொல்லி ‘பஃபர்ப்ளோட்’ என்ற பெயரோடு முன்வைத்தார். 2012ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் ‘கோடெல்’ என்ற முறையை வெளியிட்டார்கள்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்துச் சிலவற்றை முன்கூட்டியே கைவிடுவது. அதிலிருந்து வளர்ந்த ‘எஃப்கியூ-கோடெல்’ ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுக்கிறது. அதனால் கேமின் கனமான இணைப்புகள் தங்களுக்குள் இடித்துக்கொள்ளும். சின்னப் பாக்கெட்டுகள் இடையில் நழுவிப் போய்விடும். 2018ல் அது ஆர்எஃப்சி 8290 என்ற இணைய ஆவணமாக வெளிவந்தது. அதே ஆண்டு ‘கேக்’ என்ற, அமைப்பதற்கு இன்னும் எளிய வடிவம் லினக்ஸ் கெர்னல் 4.19ல் சேர்ந்தது. ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியிலும் சில கடை ரவுட்டர்களிலும் இவை எஸ்கியூஎம் என்ற பெயரில் கிடைக்கின்றன.

பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கும் பழைய முன்னுரிமை வசதியான கியூஓஎஸ்ஸை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய முறையில் எந்தக் கருவிக்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம் என்று நாம் பட்டியல் போட வேண்டும். புதுப் போன் வந்தால் பட்டியலைத் திருத்த வேண்டும். முக்கியமாக, லைனின் வேகத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அது வெறும் அலங்காரம்தான். எஸ்கியூஎம்முக்குப் பட்டியல் வேண்டாம், இரண்டு எண்கள் போதும்: டவுன்லோடு, அப்லோடு. நெரிசலான நேரத்தில் அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் கொடுக்க வேண்டும். ஏன் குறைக்கிறோம் என்றால், வரிசை சேவை நிறுவனத்தின் கருவியில் சேராமல் நம் ரவுட்டரிடம் சேர வேண்டும். நம்மிடம் இருக்கும் வரிசையைத்தான் நம்மால் ஒழுங்குபடுத்த முடியும்.

அப்லோடு எண்ணை வெறுமனே விட்டுவிடாதீர்கள். இறங்கும் தரவுக்கு ஒப்புகைப் பாக்கெட்டுகள் மேலே போயாக வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் நொடிக்கு 8,000க்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் வரும். இரண்டுக்கு ஒரு ஒப்புகை என்ற வழக்கப்படி பார்த்தால் அதற்கே மேல்நோக்கி ஏறக்குறைய 2 எம்பிபிஎஸ் போய்விடும். அப்லோடு 5 எம்பிபிஎஸ் மட்டுமே உள்ள லைனில், ஒரு போன் படங்களைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் ஒப்புகைகள் சிக்கிக்கொள்ளும், டவுன்லோடும் சேர்ந்து தள்ளாடும். கேக்கில் இந்த ஒப்புகைகளைக் குறைத்து அனுப்பும் வசதியும் உண்டு.

சில வீடுகளில் லைன் உண்மையாகவே விழுவதற்கும் இந்த நெரிசல் காரணமாகலாம். பிபிபிஓஇ முறையில் லாகின் செய்யும் இணைப்புகளில், இருபக்கமும் அவ்வப்போது ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொள்ளும். பாரத்தில் திணறும் ரவுட்டரால் தொடர்ந்து சில கேள்விகளுக்குப் பதில் போகாவிட்டால் செஷன் துண்டிக்கப்படும். ரவுட்டரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) பிபிபி, அதாவது அந்த லாகின் செஷன், விழுந்து எழுந்ததாகக் கனமான டவுன்லோடின்போது மட்டும் வந்தால், லைனைக் குறைசொல்லும் முன் வரம்பையோ எஸ்கியூஎம்மையோ முயன்று பாருங்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை பிராசஸர். வேகமான லைன்களில் ரவுட்டர்கள் பாக்கெட்டுகளைப் பிராசஸரைத் தொடாமல் தனிச் சிப் வழியாகக் கடத்துகின்றன. எஸ்கியூஎம்மை இயக்கினால் அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் மூடிக்கொள்ளும், எல்லாம் பிராசஸர் வழியாகப் போகும். பழைய, மலிவான ரவுட்டர்கள் பல அப்போது 100, 200 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டத் திணறும். 50 எம்பிபிஎஸ் லைனுக்கு இது பிரச்சினையே இல்லை. 500 எம்பிபிஎஸ் லைனில் பழைய ரவுட்டரோடு இதை முயல்வது வீண், அங்கே லாஞ்சரின் வரம்பே நல்லது. மொபைல் சிக்னலில் ஓடும் வீட்டு இணைப்புகளுக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. மணிக்கு மணி மாறும் வேகத்துக்கு நிலையான ஒரு எண்ணைக் கொடுக்க முடியாது.

தானாக அணைந்து எழும் ரவுட்டர்

இங்கே முதல் சந்தேகம் அடாப்டர் மேல். பாரம் ஏறும்போது ரவுட்டர் அதிக மின்னோட்டம் கேட்கும். வயதான அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருந்தால் மின்னழுத்தம் சரிந்து ரவுட்டர் விழுந்துவிடும். டவுன்லோடு இல்லாதபோது நாள் முழுக்க நன்றாக ஓடுவதால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. மாற்று அடாப்டருக்கு வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது அதிகம், முனையின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் கொடுக்கலாம். 9 வோல்ட்டோ 15 வோல்ட்டோ கூடாது. ரவுட்டரை மாற்ற நினைப்பவர்கள் அதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்தது சூடு. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறைக்காகச் செய்யப்பட்டவை. மூடிய அலமாரியில், செட்டாப் பாக்ஸின் மேல், துணிக்கு அடியில் அந்த எல்லை எளிதில் கடந்துவிடும். வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். ஒரு சிறு விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து டவுன்லோடு செய்தால் சூடுதானா என்று அன்றே தெரிந்துவிடும்.

ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள்மென்பொருள்) அப்டேட் செய்வதில் தவறில்லை, செய்துவிடுங்கள். ஃபேக்டரி ரீசெட் மட்டும் வேண்டாம். லாகின் விவரம் கையில் இல்லாமல் செய்துவிட்டு மாட்டிக்கொள்வதுதான் மிச்சம். ரவுட்டரின் இணைப்புப் பட்டியல் நிரம்பிவிட்டது என்ற விளக்கமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. டோரண்ட்டுக்கு அது பொருந்தும், நூற்றுக்கணக்கில் இணைப்புகளைத் திறப்பது அது. சாதாரணக் கேம் லாஞ்சர் அவ்வளவு திறப்பதில்லை.

லைன் பழுதா என்று பார்ப்பது

லைன் பழுது டவுன்லோடு இல்லாதபோதும் இருக்கும். நாம் கவனிப்பது டவுன்லோடின்போதுதான். ரவுட்டருக்கு வெளியே எல்லாம் நின்றுபோகும் நேரத்தில் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம், ஒளி வரவில்லை. நிர்வாகப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவு இருக்கும். வழக்கமான ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் -8 முதல் -27 டிபிஎம் (ஒளியின் வலிமைக்கான அலகு) வரை ஏற்கத்தக்கது. -27ஐ ஒட்டி நின்றால் மடங்கிய கேபிளோ அழுக்கேறிய இணைப்போ இருக்கலாம். தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல்லில் இரைச்சல் இடைவெளி (இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் அளவு) 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் நிலையாக நிற்காது.

சேவை நிறுவனத்தைக் கூப்பிடும்போது ‘கேம் இறக்கினால் நெட் போகிறது’ என்று தொடங்கினால் கேமைக் குறைசொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். கேபிளில் சோதித்தேன், இத்தனை மணிக்கு வெளியே போகும் பிங் நின்றது, ரவுட்டர் அணையவில்லை, அப்போது விளக்கு இப்படி இருந்தது, லாகில் இந்த வரி வந்தது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்று சொல்லி அவர்களால் நகர முடியாது.

புது ரவுட்டர் எப்போது

அடாப்டர் மாற்றியும், காற்றோட்டம் கொடுத்தும் அணைந்து எழுகிறது. அல்லது கேபிளில் சோதித்தும் ரவுட்டரே பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. அல்லது லைன் வேகமானது, வீட்டில் பலர் ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள், பழைய ரவுட்டரால் எஸ்கியூஎம் தாங்க முடியவில்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வாங்குவது நியாயம். சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியாக இருந்தால் முதல் இரண்டுக்கும் அவர்களிடமே மாற்றிக் கேட்கலாம். மூன்றாவதற்கு அந்தப் பெட்டியைப் பிரிட்ஜ் முறையில், அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும்படி, போட்டு அதன் பின்னால் சொந்த ரவுட்டரை வைப்பதுதான் என் தேர்வு. பிரிட்ஜில் போடாமல் இரண்டும் ரவுட்டராகவே ஓடினால் டவுன்லோடுக்குப் பாதிப்பில்லை, ஆன்லைனில் சேர்ந்து விளையாடும்போது தொந்தரவு வரலாம்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியின் மேலிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏஎக்ஸ்3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு கருவிக்கு 3000 கிடைக்கும் என்று பொருள் அல்ல. 2024 ஜனவரியிலிருந்து சான்றிதழ் பெற்று வரும் வைஃபை 7 காற்றில் வேகத்தைக் கூட்டும், ஆனால் லைனில் சேரும் வரிசையை அது ஒன்றும் செய்யாது. அதனால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. கேக் அல்லது எஃப்கியூ-கோடெல் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும் மாடல்களின் பட்டியலில் இது உண்டா? எஸ்கியூஎம் ஓடும்போது என் லைன் வேகத்தை எட்டியதாக யாராவது அளந்து காட்டியிருக்கிறார்களா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காத மாடலை நான் வாங்க மாட்டேன்.

புது ரவுட்டர் வந்த அன்றே எஸ்கியூஎம்மை இயக்கி, இரண்டு எண்களையும் கொடுத்து, அதே இரண்டு பிங் ஜன்னல்களைத் திறந்துவைத்து ஒரு பெரிய கேமை இறக்கிப் பாருங்கள். வெளியே போகும் பிங் 20லிருந்து 30, 40க்குள் நின்றால் சரி. மறுபடி நூற்றுக்கணக்கில் ஏறினால் கொடுத்த எண் லைனின் உண்மை வேகத்தைவிட அதிகம். 5 சதவீதம் குறைத்துத் திரும்ப ஓட்டுங்கள்.